தாங்கினால் ஆகுமா?

ஒரு பொருள் ஒரு சுமையைத் தாங்குகிறது என்பதே, அந்தச் சுமையை அதன்மீது ஏற்றுவதற்குப் போதிய நியாயமாகுமா? இக்கேள்வியை ஒட்டகத்தை வைத்தும் கேட்கலாம், மாட்டுவண்டியை வைத்தும் கேட்கலாம், ஆடைத் தொழிற்சாலையில் பத்து மணித்தியாலம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணை வைத்தும் கேட்கலாம். நான் இங்கே அதனை உயிரில்லாத ஒன்றை வைத்துக் கேட்க விரும்புகிறேன். வேகம் கூட்டப்பட்டு, வயதாகி, இப்போது நினைத்த நேரத்தில் நின்றுபோகின்ற ஒரு மேசைக் கணனியை எடுத்துக்கொள்வோம். உயிருள்ளவற்றைப் பற்றிப் பேசும்போது இரக்கம் முந்திக்கொண்டு வந்து விடையைச் சொல்லிவிடுகிறது. இரும்பிலும் சிலிக்கனிலும் அந்த வசதி இல்லை. அங்கே நியாயத்தை நியாயமாகவே தேட வேண்டியிருக்கிறது.

கணனியின் புரொசசர் ஒரு தாளத்துக்கு இசைந்து வேலை செய்கிறது. 2011 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட கோர் ஐ5 2500கே என்ற புரொசசரை உதாரணத்துக்கு எடுப்போம். அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 330 கோடித் தாளங்கள். வாங்கியவர் பயோஸ் அமைப்புக்குள் சென்று இந்தத் தாளத்தை விரைவுபடுத்தலாம். 4.5 கிகாஹேர்ட்ஸ் வரை உயர்த்திப் பாவித்தவர்கள் உலகெங்கும் ஏராளம். இதற்குத்தான் ஓவர்குளொக்கிங் என்று பெயர். தாளம் விரைந்தால் ஒவ்வொரு தாளத்துக்குள்ளும் வேலையை முடிக்கக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. ஆகவே உள்ளேயுள்ள ஆளிகள் விரைந்து மாறுவதற்காக வோல்ற்றளவையும் சற்றுக் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு சதமும் மேலதிகமாகச் செலவழிக்காமல் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேகம் கூடிவிடுகிறது.

இதில் பிழை என்ன என்று கேட்பவரின் பக்கத்தில் பலமான நியாயம் இருக்கிறது. அதை முதலில் கேட்பதே முறை. 1998 இல் செலரோன் 300ஏ என்றொரு மலிவான புரொசசர் வந்தது. 66 மெகாஹேர்ட்ஸ் இணைப்பு வேகத்தை நாலரையால் பெருக்கி 300 இல் ஓடுமாறு அது விற்கப்பட்டது. இணைப்பு வேகத்தை 100 ஆக மாற்றினால் அதே புரொசசர் 450 இல் ஓடியது. பல மடங்கு விலையுள்ள புரொசசர்களுக்கு அருகில் போய் நின்றது. காசில்லாத மாணவர்களுக்கு அது பெரும் கொடையாக இருந்தது. மேலும், ஒரே வார்ப்பிலிருந்து வரும் சில்லுகளைத் தரம் பிரித்து, கூடிய வேகத்தைத் தாங்கக் கூடியவற்றிற் சிலவற்றுக்கும் குறைந்த வேகச் சீட்டை ஒட்டி விற்பது இத்தொழிலில் உள்ள வழமை. சந்தைக்கு மலிவுப் பொருளும் வேண்டியிருக்கிறது என்பதே காரணம். அப்படியானால் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எல்லை இயற்கை வகுத்த எல்லையல்ல. அதில் ஒரு பகுதி வியாபாரி கீறிய கோடு. வியாபாரி கீறிய கோட்டை, பணம் கொடுத்து வாங்கியவன் தாண்டக் கூடாது என்று எந்த அறநூலும் சொல்வதற்கில்லை. பொருள் என்னுடையது, நட்டம் வந்தால் அதுவும் என்னுடையது என்று அவன் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கோடு முழுவதும் வியாபாரியின் கோடல்ல. செய்தவர்கள் ஒரு வேகத்தை நிர்ணயிக்கும்போது பல விடயங்களைக் கணக்கில் எடுக்கிறார்கள். அறையின் வெப்பம் கூடலாம். மின்வழங்கல் ஏறி இறங்கலாம். தூசு அடைந்து காற்றாடி மெதுவாகலாம். அனைத்துக்கும் மேலாக, சில்லு வயதாகும். இத்தனைக்குப் பின்னரும் அது பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காக விடப்படும் இடைவெளியே அந்த மீதி. புதிதாக வாங்கிய அன்று பார்த்தால் அம்மீதி வீணாகக் கிடப்பது போலத்தான் தோன்றும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றிலே செழிப்பான ஏழு ஆண்டுகளில் கதிரோடு விட்டுவைக்கப்பட்ட தானியமும், பஞ்சத்தை அறியாதவனின் கண்ணுக்கு வீணாகவே தோன்றியிருக்கும். மீதி என்பது இன்றைய நாளுக்குரியதல்ல. வரப்போகும் ஒரு நாளின் பங்கு இன்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வேகம் கூட்டுபவன் அதை எடுத்து இன்று செலவழிக்கிறான். எடுக்க அவனுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் அது இலவசமாகக் கிடைத்தது என்று சொல்ல மட்டும் அவனுக்கு உரிமையில்லை.

விலை எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். புரொசசர் இயங்கும்போது செலவாகும் மின்வலு, அதன் மீடிறனுக்கு நேர் விகிதத்திலும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. 3.3 இலிருந்து 4.5 ஆக வேகம் கூடினால் உயர்வு 36 சதவீதம். அதற்காக வோல்ற்றளவை 1.2 இலிருந்து 1.35 ஆக உயர்த்தியதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் மின்வலு ஏறத்தாழ 73 சதவீதம் கூடுகிறது. அவ்வளவும் வெப்பமாகவே வெளிவர வேண்டும். வேகம் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் கூட, வெப்பமோ முக்கால் பங்கு கூடிவிடுகிறது. வெப்பமும் வோல்ற்றளவும் சேர்ந்து சில்லுக்குள் மெதுவாக வேலை செய்கின்றன. நுண்ணிய செப்புக் கம்பிகளில் ஓடும் இலத்திரன்கள், ஆற்று நீர் மணலைத் தள்ளுவது போல, உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்க்கின்றன. ஆளிகள் மாறுவதற்கு வேண்டிய வோல்ற்றளவும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடிக்கொண்டு போகிறது. வெளியே தாய்ப்பலகையிலும் பவர் சப்ளையிலும் உள்ள மின்பகுபொருட் கொள்ளளவிகள் வற்றுகின்றன. பத்துப் பாகை வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளரின் பொதுக்கணக்கு. அறை வெப்பமே முப்பது பாகையைத் தாண்டும் நமது ஊர்களில் இதன் பொருளை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் சத்தமில்லாமல் நடக்கிறது. முதல் நான்கைந்து ஆண்டுகள் எந்தக் குறையும் தெரிவதில்லை. பிறகு ஒரு நாள் திரை நீலமாகிக் கணனி தானாகவே மறுபடி தொடங்குகிறது. அடுத்த வாரம் படம் ஓடிக்கொண்டிருக்கையில் உறைந்து நிற்கிறது. பின்னர் பத்து நாட்களுக்கு ஒன்றுமில்லை. நோய் போய்விட்டதென்று நினைக்கும்போது ஒரே நாளில் மூன்று தடவை வருகிறது. உரிமையாளர் அண்மையில் என்ன மாறியது என்று தேடுகிறார். கடைசியாக நிறுவிய மென்பொருளையும், நேற்றுச் செருகிய பென்டிரைவையும், வைரஸையும் குற்றஞ்சாட்டுகிறார். வின்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறார். உண்மையில் அண்மையில் எதுவும் மாறவில்லை. மாறாதிருந்ததுதான் பிரச்சினை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் பதிந்துவைத்த இரண்டு எண்கள் அப்படியே இருக்க, அவற்றைச் சுமந்த பொருள் மட்டும் வயதாகிவிட்டது. பழைய தீர்மானங்களின் இயல்பே இதுதான். அவை பழகிப்போகின்றன. பழகியது நம் கண்ணுக்கு ஒரு தீர்மானமாகவே தெரிவதில்லை. அதுவே இயல்பு நிலை என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

ஆகவே விடயம் தெரிந்த திருத்துநர் முதலில் செய்வது எதையும் மாற்றிப் பூட்டுவதல்ல. பயோஸ் அமைப்பிலுள்ள எல்லாவற்றையும் தொழிற்சாலை தந்த நிலைக்குத் திருப்பிவிடுவதுதான். புரொசசரின் வேகம், வோல்ற்றளவு, ரெம் வேகம் எல்லாம் பழைய இடத்துக்குப் போக வேண்டும். அதன் பின்னரும் கணனி நின்றால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தூசைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றி வெப்பநிலையைப் பார்ப்பது ஒன்று. மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டு ரெம் தகடுகளைத் தனித்தனியே சோதிப்பது இன்னொன்று. வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பது மற்றொன்று. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் என்பதே இதில் விதி. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் பழுது போகலாம். ஆனால் எதனால் போனது என்ற அறிவு கிடைக்காது. தவ்பா என்ற சொல்லின் மூலப்பொருள் திரும்புதல் என்பதை நாம் அறிவோம். மனிதனுக்கும் கணனிக்கும் முடிச்சுப் போடுவது என் நோக்கமல்ல. எனினும், எங்கே தவறினோம் என்று ஆராய்வதற்கு முன் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடுவதே ஆராய்ச்சியின் முதற்படி என்பது இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

இதன்பின் வருவது பொறுமையின் சோதனை. சராசரியாக மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒழுங்கின்றி நிற்கும் ஒரு கணனியில் ஏதோ ஒன்றை மாற்றினோம். அடுத்த நாள் முழுவதும் அது நிற்கவில்லை. திருந்திவிட்டது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. நாம் செய்த மாற்றம் எந்தப் பயனும் தராதிருந்தாலுங்கூட, ஒரு நாள் நிற்காமல் ஓடுவதற்கு நூற்றுக்கு எழுபத்திரண்டு வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது நாட்கள் நிற்காமல் ஓடினால்தான் வெறும் அதிஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறைகிறது. அப்போதும் அது பூச்சியமாவதில்லை. 'இருபத்துநான்கு மணித்தியாலச் சோதனையில் தேறியது' என்று வேகம் கூட்டுபவர்கள் பெருமையாகச் சொல்லும் சொல்லின் உண்மைப் பெறுமதி இவ்வளவுதான். உறுதியற்றது என்பதை ஒரு தடவை நின்று காட்டினால் நிரூபித்துவிடலாம். உறுதியானது என்பதை எத்தனை நாள் ஓடினாலும் முற்றாக நிரூபிக்க முடியாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது தஹாபுதுல் பலாஸிபாவின் பதினேழாவது விவாதத்தில் நெருப்பும் பஞ்சும் சேரும் உதாரணத்தை எடுத்து, இரண்டு விடயங்கள் சேர்ந்து நிகழக் காண்பது வேறு, ஒன்றிலிருந்து மற்றது கட்டாயமாகப் பிறக்கிறது என்று காண்பது வேறு எனப் பிரித்துக் காட்டினார். அவரது நோக்கம் இறைவல்லமையை நிறுவுவது. ஆயினும் அந்தப் பிரிப்பிலே உள்ள அடக்கம் திருத்துநரின் மேசைக்கும் உரியது. நேற்று வரை ஓடியது என்பது நேற்று வரையான செய்தி மட்டுமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழுது ஓரிடத்தில் இருக்க, அது வேறோரிடத்தில் முகங்காட்டுகிறது. 2024 இல் உலகம் அறிய நடந்த ஒரு விடயம் இதற்குச் சிறந்த சான்று. இன்டெல் நிறுவனத்தின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக் கணனிப் புரொசசர்களைப் பாவித்த பலருக்கு விளையாட்டு மென்பொருள்கள் நடுவில் நின்றன. திரையில் வந்த செய்தி, காட்சி அட்டையின் நினைவகம் போதவில்லை என்றது. மக்கள் காட்சி அட்டையைப் பழித்தார்கள், விளையாட்டை எழுதியவர்களைப் பழித்தார்கள். இறுதியில் குற்றம் புரொசசரிலேயே என்பது தெரியவந்தது. தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவை அப்புரொசசர்கள் கேட்டு வாங்கியதால் அவற்றின் உட்சுற்றுக்கள் முதிர்ந்து போயிருந்தன. 2024 ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகளால் நீடிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதடைந்தவற்றை அத்திருத்தத்தால் குணப்படுத்த முடியாது என்பதும் அறிவிக்கப்பட்டது. இங்கே பாதிக்கப்பட்டவர்களுள் பலர் எந்த எண்ணையும் மாற்றாதவர்கள். போட்டியில் முந்துவதற்காக மீதியை முன்கூட்டியே செலவழிக்கும் பழக்கம், வீட்டு அறையிலிருந்து தொழிற்சாலைக்குள்ளும் போய்விட்டால் நிலைமை என்னவாகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை. எல்லையைத் தாண்டுபவன் யாராயினும், விளைவு வந்து இறங்கும் இடம் அவன் வாசலாக இருக்க வேண்டுமென்பதில்லை.

இனி இக்கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். வேகம் கூட்டியதுதான் காரணம் என்று தெளிந்த பிறகு உரிமையாளர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வோல்ற்றளவை இன்னும் சற்றுக் கூட்டுவது. பெரும்பாலும் கணனி உடனே நிமிர்ந்துவிடும். மறுபடி சில மாதங்கள் 4.5 இல் ஓடும். இரண்டாவது, வேகத்தைக் குறைப்பது. 4.2 க்கு இறக்கலாம், 4 க்கு இறக்கலாம், முழுதாகப் பழைய 3.3 க்கே கொண்டுபோகலாம். முதல் வழி நோயின் அடையாளத்தை நீக்கி நோயை வளர்க்கிறது. கூட்டிய வோல்ற்றளவு சில்லை மேலும் விரைவாக முதுமைப்படுத்தும். அடுத்த தடவை அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். கடன் அடைக்கக் கடன் வாங்குபவனின் கணக்கு இது. வட்டியின் கொடுமையை அறிந்த சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் சிறுத்துக்கொண்டே போகிறது.

இரண்டாவது வழிக்கு ஒரு சதமும் செலவில்லை. செலவாவது மனம் மட்டுமே. 4.5 இல் ஓடிய கணனியை 3.3 இல் வைத்திருப்பது தோல்வி போலப் படுகிறது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் படம் பார்க்கவும் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது என்றாலும், எண் குறைந்துவிட்டதே என்ற வருத்தம் விடுவதில்லை. மனித வாழ்விலும் இந்த இடம் வருகிறது. ஐம்பது வயதில், முப்பதில் செய்த வேலையை அதே வேகத்தில் செய்ய முடியவில்லை என்று காணும்போது, சிலர் கோப்பியையும் மாத்திரையையும் இரவு விழிப்பையும் கூட்டுகிறார்கள். சிலர் வேலையைக் குறைக்கிறார்கள். முன்னவர்களை நாம் உழைப்பாளிகள் என்று புகழ்கிறோம், பின்னவர்களைச் சோர்ந்துவிட்டவர்கள் என்கிறோம். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று கற்பிக்கப்பட்ட மார்க்கத்தில் பிறந்திருந்தும், தளர்வை ஒப்புக்கொள்வதை வெட்கமாகவே கருதுகிறோம். வேகத்தைக் குறைப்பதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். தன் பொருளின் இன்றைய அளவை இன்று அறிந்துகொள்வது அது. நேற்றைய அளவைக் கொண்டு இன்றைய பொருளை நிறுப்பதுதான் மீஸானில் செய்யும் கள்ளம்.

நின்றுபோகும் கணனி தொல்லை தருகிறது என்று முறைப்படுகிறோம். உண்மையில் அது நேர்மையான கணனி. தன்னால் முடியவில்லை என்பதை அது எல்லோரும் காணும்படி சொல்கிறது. அஞ்ச வேண்டியது, நிற்காமல் ஓடிக்கொண்டு இடையிடையே பிழையாகக் கணக்கிடும் கணனிக்கே. எல்லை விளிம்பில் ஓடும் புரொசசரோ ரெம்மோ ஒரேயொரு பூச்சியத்தை ஒன்றாக மாற்றிவிட்டால் திரையில் எந்த அறிவிப்பும் வராது. கல்யாணப் படம் ஒன்றின் நடுவில் ஒரு கோடு விழலாம். பிரதியெடுத்த கோப்பு திறக்காமற் போகலாம். கடைக் கணக்கிலோ ஸக்காத் கணக்கிலோ ஓர் இலக்கம் மாறலாம். வீட்டுக் கணனிகளில் வழமையாக இருக்கும் ரெம்மில் இத்தகைய பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடும் இல்லை. மிகப் பெரிய முதன்மை எண்களைத் தேடுவதற்காக ஜோர்ஜ் வோல்ட்மன் 1996 இல் தொடக்கிய கூட்டு முயற்சியில், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் கணனிகள் பங்கெடுக்கின்றன. ஒரு கணனி தந்த விடையை அப்படியே நம்பாமல், இன்னொன்றில் மறுபடி கணித்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே ஏற்பதைப் பல ஆண்டுகளாக அவர்கள் விதியாகக் கொண்டிருந்தனர். வேகம் கூட்டுபவர்கள் தமது கணனியைச் சோதிக்கப் பாவிக்கும் பிரைம்95 மென்பொருள் அம்முயற்சிக்காக எழுதப்பட்டதே. ஒரு சாட்சி போதாது, இரண்டு வேண்டும் என்ற பழைய நீதியை எண்கணிதத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டியிருந்திருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, 'நட்டம் என்னுடையது' என்று சொன்னவரிடம் திரும்பலாம். 2005 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ரேமண்ட் சென் ஒரு விடயத்தை எழுதினார். வின்டோஸ் நின்றுபோகும்போது வந்துசேரும் அறிக்கைகளை ஆராய்ந்தவர்கள், நடக்கவே முடியாத பிழைகளைக் கண்டார்கள். புரொசசர் தன்னிடமுள்ள ஓர் எண்ணைப் பூச்சியமாக்க வேண்டும் என்ற கட்டளை அது. வெளியே எதையும் தொடாத அக்கட்டளை தவறுவதற்கு வழியே இல்லை. ஆனாலும் தவறியிருந்தது. அக்கணனிகளின் உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு கேட்டபோது சிலர் வேகம் கூட்டியிருப்பதை ஒப்புக்கொண்டார்கள். வேறு சிலருக்கு அந்தச் சொல்லே தெரியாது. விசாரித்துப் பார்த்ததில், அவர்களுக்கு விற்ற சிறு கடைகளே வேகத்தைக் கூட்டி, அதைச் சொல்லாமல் விற்றிருந்தன. 2011 இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர் சுமார் பத்து இலட்சம் வீட்டுக் கணனிகளின் பதிவுகளை ஆராய்ந்து, வேகம் கூட்டப்பட்டவை கூடுதலாகப் பழுதடைவதையும், ஒரு தடவை வன்பொருட் பிழையால் நின்ற கணனி மறுபடி நிற்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் காட்டினர். நிர்ணயித்ததை விடச் சற்று மெதுவாக ஓடியவை பழுதடைவது குறைவு என்பதும் அங்கே தெரியவந்தது.

நமது மரபில் இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதே அங்கு எழுந்த கேள்வி. மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. தானியம் நனைந்ததும் அவர் குற்றமல்ல. நனைந்த தானியத்தை விற்பதும் தடுக்கப்படவில்லை. கேள்வி முழுவதும், ஈரம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதைப் பற்றியது. இஹ்யா உலூமித்தீனிலே சம்பாத்தியம் பற்றிய பகுதியில் கஸ்ஸாலி இமாமவர்களும் பொருளின் மறைந்த குறையைச் சொல்லிவிடுவதை வியாபாரியின் கடமையாக வலியுறுத்துகிறார். வேகம் கூட்டிய கணனியை விற்கலாம். எத்தனை ஆண்டு, எந்த வேகத்தில், எந்த வோல்ற்றளவில் ஓடியது என்பதையும் சொல்லி விற்க வேண்டும். பழைய நிலைக்குத் திருப்பி விற்றாலும் சொல்லத்தான் வேண்டும். எண்களைத் திருப்பலாம், செலவான மீதி திரும்பி வராது.

விற்பனை என்றால் சட்டம் உண்டு, விலை உண்டு, திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கொடையில் என்ன செய்வது? நமது ஊர்களில் கணனி ஒன்று கடைசியாகப் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் சந்தையல்ல. கொழும்பில் புதிதாக வாங்கியது சில ஆண்டுகளில் ஊருக்கு வருகிறது. தம்பிக்குப் போகிறது, மருமகனுக்குப் போகிறது, பிறகு மத்ரஸாவுக்கோ பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ ஸதகாவாகக் கொடுக்கப்படுகிறது. விலை வாங்காததால் குறை சொல்லும் பொறுப்பும் இல்லை என்று மனம் சொல்லிக்கொள்கிறது. இலவசமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்றும் ஒரு நியாயம் வருகிறது. ஆனால் கொடையில் பெறுபவன்தான் விற்பனையில் வாங்குபவனைவிடப் பலவீனமானவன். அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது, குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவான். தானே வாங்க மனமொப்பாத கழிவைத் தானமாகக் கொடுக்க வேண்டாம் என்று குர்ஆன் கற்பிப்பதன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது.

அந்தக் கணனியின் முன் உட்காரப்போவது ஒரு பிள்ளை. ஒப்படை தட்டச்சுச் செய்துகொண்டிருக்கையில் திரை நீலமாகிறது. அவள் எழுதிய எட்டுப் பக்கமும் போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பவர் முதலில் கேட்பது, 'என்ன பிள்ளை செஞ்சாய்?' என்பதே. அவள் எதுவும் செய்யவில்லை. ஆனால் அவளுக்கு அது தெரியாது. எந்தச் சாவியைத் தவறாக அழுத்தினேனோ என்று யோசிக்கிறாள். இரண்டு மூன்று தடவை இவ்வாறு நடந்தால், கணனி தன் கைக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிடுகிறாள். யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அனுபவித்த வேகத்தின் விலையை இன்று ஒரு சிறுமி தன் தன்னம்பிக்கையிலிருந்து செலுத்துகிறாள். மறைக்கப்பட்ட சுமையின் உண்மையான அநியாயம் பொருள் பழுதாவதில் இல்லை என்று நான் கருதுகிறேன். குற்றமற்ற ஒருவர் தம்மைக் குற்றவாளியாக எண்ணும்படி செய்துவிடுகிறதே, அதில்தான் இருக்கிறது. பொருளுக்கு வலிப்பதில்லை என்ற வாதம் இங்கே பயன்படாது. பொருளுக்கு வலிக்காததால்தான் வலி இன்னொருவரைத் தேடிப் போகிறது.

எனவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடையாகச் சொல்லக் கூடியது இது. தாங்குகிறது என்பது ஒரு தகவல். அது அனுமதியல்ல. அதுவும் இன்றைய தகவல், நாளைக்கு மறுபடி கேட்டறிய வேண்டியது. தன் பொருளைத் தன் விருப்பப்படி கடுமையாகப் பாவிக்க ஒருவருக்கு இடமிருக்கலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. எடுத்தது மீதியிலிருந்தே என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். பொருள் தளரும்போது சுமையைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். கைமாறும்போது சொல்ல வேண்டும். இம்மூன்றும் கணனிக்கு மட்டுமுரியவையல்ல. தன் மீதியைத் தானே கேட்டு வைக்க முடியாத எல்லாவற்றுக்கும், எல்லோருக்கும் உரியவை. ஒட்டகம் ஒன்று தன் எசமானின் வேலைச்சுமையைப் பற்றி நபிகளாரிடம் முறையிட்ட செய்தியை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த ஒட்டகம் அதுவரை சுமந்துகொண்டுதான் இருந்தது.

கணனியைக் கொடுப்பவர் ஒரு துண்டுக் கடுதாசியில் நான்கு வரி எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடலாம். 'இது இத்தனை ஆண்டு வேகம் கூட்டிப் பாவிக்கப்பட்டது. இப்போது பழைய வேகத்தில் இருக்கிறது. கூட்ட வேண்டாம். இடையில் நின்றால் அது உங்கள் பிழையல்ல.' கடைசி வரிதான் முக்கியமானது.